மார்ச்சில் முடிந்தால் அரைக்கிணறு: நெல்லைப் பள்ளிகளின் பழைய மாணவர் வழிகாட்டுதல், ஒரு மதிப்பீடு

பழைய மாணவர் சங்கம் என்றால் முன்பெல்லாம் நெல்லைச் சீமையில் மூன்று வேலைதான். ஆண்டு விழாவுக்கு நன்கொடை, வகுப்பறைக்கு மின்விசிறி, பத்தாண்டுக்கு ஒருமுறை பழைய வாத்தியார்களுக்குப் பொன்னாடை. இப்போது அதோடு 'மென்டரிங்', அதாவது படிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டுதல், சேர்ந்திருக்கிறது. பாளையங்கோட்டையின் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் அம்பாசமுத்திரம், வள்ளியூர், நாங்குநேரி பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளிலும் வெவ்வேறு அளவில் இது நடக்கிறது. பெயரில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மாணவன் கையில் கடைசியில் என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

இந்த மதிப்பீடு எந்த ஒரு பள்ளியைப் பற்றியதும் இல்லை. இங்கே வழக்கத்தில் இருக்கும் மூன்று வகைகளை எடுத்து, ஒவ்வொன்றும் பிளஸ் டூ பிள்ளைக்கு எதுவரை உதவும், எங்கே கழன்றுகொள்ளும் என்று சொல்கிறது. அளவுகோல் ஒன்றே ஒன்று: மே மாதம் பதினைந்தாம் தேதி அந்தப் பிள்ளை சந்தேகம் கேட்கப் போன் அடித்தால் எடுக்க ஆள் இருக்கிறதா?

ஏன் மே மாதம் என்று கேட்கலாம். மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்ததும் பள்ளிக்கும் மாணவனுக்கும் உள்ள கயிறு அவிழ்ந்துவிடுகிறது. ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தப் போய்விடுகிறார்கள், பிறகு கோடை விடுமுறை. கல்லூரி இன்னும் அவனை ஏற்கவில்லை. தேர்வு முடிவு, விண்ணப்பம், சான்றிதழ், தரவரிசை, கல்லூரி இடம் ஒதுக்கும் கலந்தாய்வு என்று வாழ்க்கையைத் திருப்பும் எல்லாமே அந்த ஆளில்லாத நாலைந்து மாதத்துக்குள் நடந்து முடிகிறது. பழைய மாணவர்களால் மட்டுமே நிரப்பக்கூடிய இடைவெளி அது. ஆனால் பெரும்பாலான திட்டங்கள் பள்ளி நாட்காட்டியை ஒட்டியே போடப்படுவதால், பிப்ரவரியில் ஹால் டிக்கெட்டோடு ஒரு பேனாவும் கொடுத்து 'ஆல் தி பெஸ்ட்' சொல்லி முடிந்துவிடுகின்றன.

முதல் வகை, மேடை. வெளிநாட்டிலோ சென்னையிலோ பெரிய பொறுப்பில் இருக்கும் ஒருவர் வருவார். நாற்பது நிமிடம் பேசுவார். 'கனவு காணுங்கள்' என்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். செலவு சால்வைக்கும் தேநீருக்கும் மட்டும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இதை வழிகாட்டுதல் என்று கணக்கெழுதக் கூடாது. இந்தக் கூட்டத்துக்கு உருப்படியான இடம் ஒன்று உண்டு. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வைப்பதை விட்டுவிட்டுப் பத்தாம் வகுப்புக்கு ஏப்ரலில், பெற்றோரையும் உட்காரவைத்து நடத்தினால் பலன் உண்டு. அதற்கான காரணம் பணக்காரணம்.

சேரன்மகாதேவிப் பக்கமோ மானூர்ப் பக்கமோ ஆறு முதல் பத்து வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, நல்ல மார்க் வந்ததும் 'பாளையங்கோட்டையில சேத்தாத்தான் படிப்பு' என்று உதவிபெறும் பள்ளிக்கு மாற்றுவது இங்கே காலங்காலமாக நடப்பது. தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்ற பெயர் சும்மா வரவில்லை. ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, மருத்துவத்துக்கு 2020 முதலும் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021 முதலும் இருக்கிறதே, அதற்கு ஆறாம் வகுப்பு முதல் மேல்நிலை இரண்டு ஆண்டும் சேர்த்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி அந்தக் கணக்கில் வராது. பதினோராம் வகுப்புக்கு மாறிய அன்றே அந்த வாசல் மூடிவிடுகிறது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உட்பட அரசே ஏற்கிறது என்பதால் நான்கு வருடத்தில் இது பல லட்ச ரூபாய் விஷயம். மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து மாற்ற வேண்டும். இதைப் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் சொல்லாத வழிகாட்டுதல் திட்டத்துக்கு மதிப்பெண் கொடுக்க மனம் வரவில்லை.

கல்லூரியில் படிக்கும் மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் அரசு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களிலும் இதே மாதிரி ஒரு நுணுக்கம் உண்டு. உதவிபெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் தமிழ் வழியில் படித்தவர்களுக்குக் கிடைக்கும். 'பிளஸ் ஒன்ல மட்டும் இங்கிலீஷ் மீடியம்' என்று மாறினால் அங்கே சிக்கல். அரசு வேலையில் தமிழ்வழிக்கான 20 சதவீத ஒதுக்கீடோ இன்னும் கண்டிப்பு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே தமிழ்வழிச் சான்றையும் கேட்டு வாங்கிவைக்கச் சொல்லும் அண்ணனோ அக்காவோ இருந்தால், ஐந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை பழைய பள்ளி வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்காது.

இரண்டாம் வகை, வாட்ஸ்அப் குழு

தொடங்குவது சுலபம் என்பதால் இதுதான் எங்கும். கெட்டுப்போவதும் சுலபம். முதல் கோளாறு, போன் யாருடையது என்பது. முக்கூடல், ஆலங்குளம், கடையம் மாதிரி பீடி சுற்றும் ஊர்களில் வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அது அப்பாவோடோ அண்ணனோடோ வெளியூரில் இருக்கும். குழுவில் எண் இருக்கும், பிள்ளை இருக்காது. பெண் பிள்ளைகள் கேட்க நினைக்கும் கேள்வியை அண்ணன் போனிலிருந்து நூறு பேர் பார்க்கும் குழுவில் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்காததை 'யாருக்கும் சந்தேகம் இல்லை' என்று நிர்வாகிகள் எடுத்துக்கொள்வது அடுத்த கோளாறு.

மூன்றாவது கொஞ்சம் விஷமானது. தனியார் கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கும் தரகர்களுக்குப் பிளஸ் டூ மாணவர்களின் எண் பட்டியல் தங்கம். 'நானும் இந்த ஸ்கூல் பழைய மாணவன்தான் தம்பி' என்று குழுவுக்குள் வந்து, பட்டியலை எடுத்துக்கொண்டு, முடிவு வந்த அன்று மாலையிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் அடிப்பார்கள். 'கவுன்சலிங்லாம் எதுக்கு, இப்பவே சீட்டு போட்டுருதேன்' என்பார்கள். கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால், வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்கான முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இதை எப்படித் தேற்றுவது? நிர்வாகி மட்டுமே பதிவிடும்படி குழுவைப் பூட்ட வேண்டும். மாணவர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாத 'கம்யூனிட்டி' வசதியைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. யாரைச் சேர்த்தாலும் எந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தவர் என்று பள்ளிப் பதிவேட்டில் சரிபார்த்த பிறகே சேர்க்க வேண்டும். பதிவில் கல்வியாண்டு, கடைசித் தேதி, கட்டணம், தேவையான சான்றிதழ், கேள்விக்கு அழைக்க வேண்டிய எண் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். ஆண்டு போடாமல் போன வருட அறிவிப்பைத் திருப்பி அனுப்பி ஊரையே கலக்குவது ஒவ்வொரு மே மாதமும் நடக்கும் கூத்து. வாரம் இரண்டு பதிவுக்கு மேல் வேண்டாம். வாழ்த்து, திருவிழா, தேர் படம், எதுவும் கூடாது. இந்த ஒழுங்கில் நடக்கும் குழு நல்ல அறிவிப்புப் பலகை. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றாம் வகை, ஒரு வழிகாட்டிக்கு நாலு பிள்ளை

தேறுவது இதுதான், சரியாக நடந்தால். ஒருவருக்கு நான்கு, மிஞ்சினால் ஐந்து மாணவர்கள். பத்து என்று வைத்தால் ஜூலையில் கலந்தாய்வு வாரத்தில் அவரால் சமாளிக்க முடியாது. ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால் வழிகாட்டி கழன்றுகொண்ட அன்று அந்தப் பிள்ளை அனாதை. இரண்டு வழிகாட்டி சேர்ந்து எட்டுப் பேரைப் பார்த்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பு.

யாரை எடுப்பது என்பதில்தான் சங்கங்கள் வழுக்குகின்றன. பட்டியலில் மேலே பெரிய பதவிக்காரர்களை வைப்பார்கள். அவர்கள் படித்த காலத்தில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு இருந்தது, சென்னைக்கு ரயிலேறிப் போய் அண்ணா பல்கலைக்கழகத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து இடம் எடுத்தார்கள். இப்போது எல்லாம் இணையத்தில். அந்த அனுபவத்தை இன்றைய பிள்ளைக்குச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். சரியான ஆள், இரண்டு மூன்று வருடத்துக்கு முன்னால் இதே பள்ளியிலிருந்து போய் இப்போது கல்லூரியில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளை. திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி, கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி, ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி, பேட்டை இந்துக் கல்லூரி, ராணி அண்ணா கல்லூரி, அரசு சட்டக் கல்லூரி என்று இடத்துக்கு ஒருவர் கிடைத்தாலே போதும். விடுதிச் சாப்பாடு எப்படி, எத்தனை மணிக்கு எந்த பஸ், முதல் செமஸ்டரில் எந்தப் பாடம் காலை வாரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பெரியவர்களை விட்டுவிட வேண்டாம். இந்த இளவட்டங்களுக்குப் பின்னால் நிறுத்துங்கள். கல்விக்கடன், வங்கி, தாலுகா அலுவலகம் என்று வரும்போது அவர்கள் ஒரு போன் போட்டால் காரியம் நடக்கும்.

பிள்ளை வாயில் 'சார்' வராமல் 'அண்ணே', 'அக்கா' வருவதும் சும்மா இல்லை. "அண்ணே, எங்க வீட்ல நர்ஸிங் வேண்டாங்காவ, நான் என்ன செய்ய?" என்ற கேள்வி எந்த சாரிடமும் வராது.

ஜோடி சேர்ப்பதில் ஒரு எச்சரிக்கை. 'உனக்கு எந்த ஊர், எந்தத் தெரு?' என்பது நெல்லையில் வெறும் முகவரிக் கேள்வி இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதும், அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு பள்ளிகளில் சாதி அடையாளங்களைக் களைவது பற்றி 2024-ல் அறிக்கை தந்ததும் நாடறிந்தது. ஊர்வாரியாக வழிகாட்டியைப் பிரித்தால் சாதிவாரியாகப் பிரித்ததாகவே முடியும். பாடப்பிரிவுவாரியாகச் சேருங்கள். உயிரியல்-கணிதப் பிள்ளைக்கு அதே பிரிவில் படித்தவர், வணிகவியல் பிள்ளைக்கு வணிகவியல், தொழிற்கல்விப் பிள்ளைக்குக் கட்டாயம் தொழிற்கல்வி. தொழிற்கல்விப் பிரிவுக்குத் தனி ஒதுக்கீடும் தனிக் கட்-ஆஃப் (சேர்க்கைக்கான மதிப்பெண்) கணக்கும் பொறியியலில் இருப்பது மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. சாதிச் சான்றிதழ் விவரத்தைப் பள்ளி அலுவலகமோ பொறுப்பாசிரியரோ பார்த்தால் போதும், வழிகாட்டி முதல் நாளே கேட்க வேண்டிய விவரம் இல்லை.

பாதுகாப்பிலும் சமரசம் வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் இவர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். சந்திப்பு பள்ளி வளாகத்தில், பொறுப்பாசிரியர் இருக்கும் நேரத்தில், கதவு திறந்த அறையில். மாணவிகளுக்கு அக்காமார்கள் மட்டும். இரவு எட்டு மணிக்கு மேல் தனிச்செய்தி கூடாது. பள்ளி இதை ஒரு பக்கத்தில் அச்சிட்டு வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்குகிறவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பிள்ளை சோர்ந்தோ பயந்தோ பேசினால் வழிகாட்டி மருத்துவராக மாற வேண்டியதில்லை. பொறுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டும், 1098, 14416 என்ற இரண்டு எண்களும் அவர் போனில் இருக்க வேண்டும். முன்னது குழந்தைகள் உதவிக்கு, பின்னது மனநல உதவிக்கு.

எந்த மாதம் என்ன

ஜூலை, ஆகஸ்டில் பேச்சே பேப்பர் பற்றித்தான் இருக்க வேண்டும். கேட்பதற்குக் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும். ஆனால் இங்கே பிள்ளைகள் இடத்தை இழப்பது பெரும்பாலும் மார்க்கால் இல்லை, இனிஷியலால். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், பள்ளிப் பதிவேட்டில் ஓரெழுத்து முன்னால் இருக்கும், சாதிச் சான்றிதழில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் போகும் முன் திருத்தினால் பள்ளியிலேயே முடியும். மதிப்பெண் பட்டியல் அச்சாகி வந்த பிறகு என்றால் மாதக்கணக்கில் அலைச்சல். வழிகாட்டி முதல் சந்திப்பில் ஆதார், சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம் நான்கையும் வரிசையாக வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். நான்கு பேருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் பத்துச் சொற்பொழிவுக்குச் சமம்.

முதல் பட்டதாரிச் சான்றிதழை அக்டோபர், நவம்பரில் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். மே மாதம் வரை காத்திருந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மூன்று மேசையிலும் கூட்டம் மொய்க்கும். அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. இதை மறைத்து விண்ணப்பித்துப் பிறகு தள்ளுபடியாவது சகஜம். கலந்தாய்வு மூலம் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தால் இந்தச் சான்றிதழ் ஆண்டுக்கு 25,000 ரூபாய்க் கல்விக் கட்டணத்தைக் குறைக்கும். வருமானச் சான்றிதழ் இதற்கு நேர்மாறு: ஒரு வருடமே செல்லும் என்பதால் ரொம்ப முன்னால் எடுத்துப் பயனில்லை. ஜே.இ.இ., நீட், கியூட் என்ற அகில இந்திய நுழைவுத்தேர்வுகளை எழுதும் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக வேண்டும், அதுவும் ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு எடுத்ததைத்தான் கலந்தாய்வில் கேட்பார்கள். நல்ல மார்க் எடுத்தும் இந்தப் படிவத்தில் சிக்கிப் பொதுப்பிரிவுக்குத் தள்ளப்பட்டவர்கள் உண்டு.

அம்மா பீடி சுற்றுகிறவர் என்றால் அவருடைய தொழிலாளர் அடையாள அட்டையைப் புதுப்பித்து வைக்கச் சொல்ல வேண்டும். மத்திய தொழிலாளர் துறையின் உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க அதுதான் சாவி. பொறியியலில் சேரும் பெண் பிள்ளைக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். தெரியாததால்தான் பலர் போடுவதில்லை.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வழிகாட்டி கொஞ்சம் ஒதுங்கியிருப்பதே உதவி. செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று பிள்ளை திணறும் நேரத்தில் 'எத்தனை மார்க்?' என்று வாரா வாரம் கேட்பவர் வழிகாட்டி இல்லை, இன்னொரு சித்தப்பா. நீட், கியூட் விண்ணப்பத் தேதிகளை மட்டும் நினைவூட்டினால் போதும்.

மே மாதம்தான் இந்தத் திட்டத்துக்கே பரீட்சை. பொறியியல் விண்ணப்பம் மே முதல் வாரத்தில் திறந்து ஜூன் முதல் வாரம் வரை இருக்கும். கட்டணம் 500 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250. இங்கே மிகப்பெரிய கோளாறு பிரவுசிங் சென்டர். கூட்டத்தில் கடைக்காரர் தன்னுடைய மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் போட்டுவிடுவார். ஜூலையில் ஓ.டி.பி. அவருக்குப் போகும், அவர் கடையைப் பூட்டிவிட்டுக் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருப்பார். பிள்ளையின் பெயரில் மின்னஞ்சல், வீட்டில் நிரந்தரமாக இருக்கும் எண், கடவுச்சொல் ஒரு நோட்டில். வழிகாட்டியும் கடவுச்சொல்லை வாங்கிவைத்துக்கொள்ளக் கூடாது. உதவி என்று தொடங்கி, பிள்ளையைக் கேட்காமலே கல்லூரி விருப்பப் பட்டியலைப் பூட்டும்வரை போகும்.

பொறியியல் கட்-ஆஃப் கணக்கைப் பிள்ளையே போடட்டும். கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 90 என்றால் கணிதம் அப்படியே 92, இயற்பியலில் பாதி 42, வேதியியலில் பாதி 45, ஆக 200-க்கு 179. அறுநூறுக்கு எடுத்த மொத்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு 'பக்கத்து வீட்டுப் பையனைவிட எனக்கு அதிகம், அவனுக்கு எப்படி அந்தக் கல்லூரி?' என்று குழம்புவதை இந்த ஒரு கூட்டல் தீர்த்துவிடும்.

விருப்பப் பட்டியல் நிரப்ப ஒவ்வொரு சுற்றிலும் மூன்று நாள். இதை முதல் நாள் காகிதத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு வரியிலும் கல்லூரிக் குறியீட்டு எண், பாடப்பிரிவு, போன ஆண்டு தன் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் நின்ற கடைசிக் கட்-ஆஃப், வீட்டிலிருந்து தூரம். ஒரே சாயலில் பெயர் உள்ள கல்லூரிகள் நிறைய என்பதால் பெயரை நம்பாமல் எண்ணை நம்ப வேண்டும். பாடப்பிரிவுக்குப் பின்னால் 'எஸ்.எஸ்.' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. அரசுக் கல்லூரி என்று எண்ணிச் சேர்ந்து, கட்டண ரசீது பார்த்ததும் விழிக்க வேண்டியிருக்கும்.

வரிசை எப்படி? கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே போடுவதுதான் பரவலான தப்பு. கணினி பிள்ளையின் தரவரிசை வரும்போது அவன் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருகிறது. மேலே பேராசையாக நாலு இடம் போட்டதால் கீழே உள்ளது கைநழுவாது. ஆகவே ஆசை வரிசைதான் சரியான வரிசை. ஆனால் பட்டியல் நீளமாக இருக்க வேண்டும். பத்துக் கல்லூரியோடு நிறுத்தியவனுக்கு அந்தச் சுற்றில் ஒன்றுமே வராமல் போகலாம். ஐம்பது, அறுபது போட்டால்தான் நிம்மதி. சேரவே மாட்டேன் என்ற கல்லூரியை மட்டும் எண்ணிக்கைக்காகப் போடக் கூடாது. அதுவே வந்து தொலைக்கும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாள் கெடு. ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன், இது வேண்டாம் ஆனால் மேலே உள்ளது வந்தால் வேண்டும், அடுத்த சுற்றுக்குப் போகிறேன், விலகுகிறேன் என்று ஐந்து தெரிவு. பதற்றத்தில் முதலாவதை அழுத்திவிட்டு மேலே உள்ள வாய்ப்பை இழப்பவர்கள் ஒரு பக்கம். எதையும் அழுத்தாமல் 'சீட்டுதான் வந்துட்டே' என்று இருந்து ஒதுக்கீட்டையே இழப்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டு நாளும் வழிகாட்டி கையில் போன் இருக்க வேண்டும், நான்கு பிள்ளைக்கும் அவரே அடிக்க வேண்டும். ஒரு வருடத் திட்டத்துக்கும் மதிப்பு இந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில்தான்.

பொறியியலையே பார்த்துக்கொண்டு மற்றதைத் தவறவிடுவது நெல்லையில் தொற்றுநோய். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மே மாதத்திலேயே இணைய விண்ணப்பம் முடிந்துவிடும். செலவு 50 ரூபாய், பட்டியலினத்தவருக்கு 2 ரூபாய். போட்டு வைப்பதில் நஷ்டமில்லை. நீட் சரியில்லை என்று உட்கார்ந்து அழும் உயிரியல் பிள்ளைக்குக் கால்நடை மருத்துவம் மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் என்று சொல்ல ஆள் வேண்டும். நர்சிங், பார்மசி படிப்புகளுக்கும் அப்படியே. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிக்கு மட்டும் நீட் வேண்டும். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தையும் கூடங்குளம் அணுமின் நிலையத்தையும் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். அங்கே உள்ளே போக பி.இ. ஒன்றுதான் வழி என்ற நினைப்பும் கூடவே வளர்கிறது. இஸ்ரோவில் ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு டெக்னீஷியன், டிப்ளமோ முடித்தவர்களுக்கு டெக்னிக்கல் அசிஸ்டென்ட் என்று தனித்தனிப் பணியிடங்கள் அறிவிக்கிறார்கள். அப்படிப் போன பழைய மாணவரை மேடையில் ஏற்றும் பள்ளி அபூர்வம்.

வழிகாட்டிகள் செய்யும் தப்புகளில் பெரியது, தன் படிப்பையே பிள்ளை தலையில் கட்டுவது. 'கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுலே, மத்தது வேஸ்ட்' என்ற ஒற்றை வரி எத்தனையோ நல்ல சிவில், விவசாய, வணிகவியல் பிள்ளைகளைத் திசை திருப்பியிருக்கிறது. அடுத்தது, உணர்ச்சிவசப்பட்டுப் பண வாக்குறுதி. 'பீஸ் நான் கட்டுதேன்' என்று சொல்லி இரண்டாம் செமஸ்டரில் காணாமல் போனால் பிள்ளை நடுத்தெருவில். உதவி செய்கிறவர் சங்கத்தின் கணக்குக்கு நான்கு வருடத் தொகைக்கும் உறுதி தந்த பிறகே பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். பணமும் சங்கத்திலிருந்து நேரே கல்லூரிக்குப் போக வேண்டும். அதற்கு முன் கல்விக்கடனைப் பார்க்கலாம்; 4 லட்சம் வரை வங்கி பிணையம் கேட்கக் கூடாது.

அரசு தரப்பில் மாணவர்களுக்கு உயர்கல்வி, வேலை வழிகாட்ட 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும், அதன்கீழ் நடக்கும் கல்லூரிக் கனவு, உயர்வுக்குப் படி முகாம்களும், 14417 உதவி எண்ணும் இருக்கின்றன. தகவல் அங்கே சரியாக இருக்கும். கூட்டத்தில் ஒரு நாள் போய்வந்த பிள்ளைக்கு அடுத்த நாள் வரும் சந்தேகத்துக்குத்தான் பழைய மாணவர் தேவை. இரண்டையும் போட்டியாக நடத்தும் சங்கங்கள் சக்தியை வீணடிக்கின்றன.

கடைசியாக ஒன்று. பெரும்பாலான திட்டங்கள் முதல் இருபது ரேங்க் பிள்ளைகளையே பொறுக்கி எடுக்கின்றன. அவர்கள் எப்படியும் தேறிவிடுவார்கள். முடிவு வரும் நாளில் ஒரு பாடத்தில் விழுந்த பிள்ளைக்கு யார்? விடைத்தாள் நகல் கேட்கச் சில நாட்கள்தான் அவகாசம். நகல் வாங்கினால்தான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும். துணைத்தேர்வு ஜூன் கடைசியை ஒட்டி வந்துவிடும், விண்ணப்பம் அதற்கும் முன்னால். அதில் தேறினால் அதே ஆண்டே கல்லூரியில் சேரலாம். பொறியியலுக்குக்கூடத் துணைக் கலந்தாய்வு உண்டு. வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இது எதுவும் காதில் விழாது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் இந்தத் திட்டம் இருந்தால், முடிவு வந்த அன்று மாலை தோல்வியடைந்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு போகப்போவது யார் என்று இப்போதே கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் வந்தால் சேர்த்துவிடலாம்.